கீழிருந்து பார்த்தால் நீலம்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுத வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. கையில் கணினி, பக்கத்தில் காபி, எழுதியதை அன்றைக்கே படித்துவிட்டு இதயப் படம் அனுப்பும் வாசகர்கள். போகட்டும், நன்றாக இருங்கள். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாத்திரத்தை எப்படி வளர்ப்பது, திருப்பத்தை எங்கே வைப்பது என்றே கேட்கிறீர்கள். அதெல்லாம் எழுத எழுத வந்துவிடும். வராவிட்டாலும் குடி முழுகிப் போகாது. நான் சொல்ல நினைப்பது வேறு. நீங்கள் எழுதியதை நிஜம் என்று நம்பி ஒருவர் வெற்றிலை பாக்கோடு உங்கள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? எனக்கு அது நடந்தது. அன்று நான் என்ன செய்தேன் என்பதைத் தவிர உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஜவ்வாது மலையில் தையல் டீச்சராக இருந்தேன். ஒடுகத்தூருக்கு மேலே, மலைக்குள் ஓர் ஊர். சாலை கிடையாது. ஒடுகத்தூரிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வரவேண்டும். பயிற்சி நிலையத்துக்கான தையல் மெஷின்களைக்கூட ஆட்கள் மூங்கிலில் கட்டித் தோளில்தான் தூக்கி வந்தார்கள். என் கணவருக்குக் கணியம்பாடி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை இறங்குவேன், திங்கட்கிழமை ஏறுவேன். மற்ற நாட்களில் பயிற்சி நிலையத்தை ஒட்டிய ஓர் அறையில் நானும் என் பேனாவும்.

சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்து பதினான்கு முதல் பதினேழு வயது வரை உள்ள பெண்கள் காலையில் நடந்து வருவார்கள். அவர்களுக்கு முன்னால் பனி வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் அது உள்ளே வந்து மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நூல் ஈரமாகும், துணி கனக்கும், எதிரே இருப்பவளின் முகம் தெரியாது, மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொரு பெண்ணாக வெளியே வருவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் ஒரு நாவலைத் தொடங்கும்போது எனக்கு முதலில் தெரிவது அந்த அறைதான். யார் வருவார்கள் என்று காத்திருப்பேன்.

சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வார இதழில் அப்போது நான் தொடர்கதை எழுதினேன். இளம்பெண்களுக்கான பகுதி. அதன் ஆசிரியரை நான் வாழ்க்கையில் இரண்டு முறைதான் நேரில் பார்த்தேன். சிடுசிடுப்பான மனிதர். முதல் முறை போனபோது, "எத்தனையாவது அத்தியாயத்தில் காதல் வருகிறது?" என்று கேட்டார். வராது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி. ஆனால் ஒன்று. படிக்கிறவளுக்குப் பதினைந்து வயது. ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்து எழுதினீர்களானால் மூன்றாவது வரியில் கண்டுபிடித்துவிடுவாள்" என்றார். எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

அவள் கண்டுபிடிக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு வழி இருந்தது. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தையல் வகுப்பில் உரக்கப் படிப்பேன். பெண்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள். மெஷின்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால் அத்தியாயம் தேறவில்லை என்று அர்த்தம். நல்ல இடம் வந்தால் ஒரு மெஷின் நிற்கும், அப்புறம் இன்னொன்று. எல்லாம் நின்றுவிட்டால் அன்று எனக்குத் தீபாவளி. உங்களுக்கு இருக்கும் இதயப் படங்கள் எல்லாம் எனக்கு அந்த அமைதிதான்.

கதையின் நாயகிக்குச் செவந்தி என்று பெயர் வைத்திருந்தேன். பதினைந்து வயது மலைப்பெண். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கீழே ஒடுகத்தூருக்கு இறங்குகிறாள். இரவு பஸ் ஸ்டாண்டில் தங்குகிறாள். காலையில் ஏறித் திரும்பி வருகிறாள். அந்தக் காலையில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் மலையடிவாரத்துப் படவேட்டில் பிறந்தவள், ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டை எத்தனையோ முறை பார்த்தவள். பரோட்டாக் கடை, ஹாரன் சத்தம், ட்யூப்லைட் என்று வரிசையாக எழுதி வைத்தேன். படித்தேன். மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டதால் மற்றவர்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். பூங்காவனம் மட்டும் உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. வகுப்பில் கைவேலை சுத்தமான பெண் அவள்தான். அவள் வைத்த காலரை யாரும் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் வேலூரில் நடக்கவிருந்த லோயர் கிரேடு தையல் தேர்வுக்கு அவளை அழைத்துப் போவதாக இருந்தேன். தேறினால் எனக்கு உதவியாளர் வேலை அவளுக்குத்தான் என்று மேலிடத்துக்கும் எழுதியிருந்தேன். அந்த வேலையைப் பற்றிப் பேசினாலே அவள் முகம் மலர்ந்துவிடும். அவளுக்கென்று ஒரு மெஷின், அதற்கு மேலே அவளே தைத்த உறை, அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "டீச்சர், செவந்தி காலைல எழுந்து மலயத் திரும்பிப் பாக்கலியா?"

"பாத்தா இன்னா?"

"நம்ம மல நீலமா இருக்குமே டீச்சர், கீழ இருந்து பாத்தா. இங்க இருக்கறப்ப பச்சதான், கல்லுதான், மண்ணுதான். நாம நீலத்துக்குள்ள கீறோம்னு நமக்குத் தெரியவே தெரியாது."

பிறந்ததிலிருந்து அந்த நீலத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. அன்றே உட்கார்ந்து எழுதினேன். செவந்தி திரும்பிப் பார்க்கிறாள், தன் ஊரைக் காணாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுகிறாள், அழுதுகொண்டே அந்த நீலத்தை நோக்கி நடக்கிறாள். பூங்காவனத்துக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. அப்பாவோடு சந்தைக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் படித்தபோது எல்லா மெஷின்களும் நின்றன, ஒன்றைத் தவிர. பூங்காவனம் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசிக்கு அடியில் துணி இல்லை. தன் வார்த்தை கதையில் வந்துவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தியாயம் அச்சில் வந்தது. பெண்கள் மாலையில் வீட்டுக்குப் போனதும் கதையைச் சொல்வார்கள். கேட்டவர்கள் மறுநாள் புளி உலுக்கும் இடத்தில் சொல்வார்கள். இப்படியே செவந்தி எனக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தாள். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று முனியம்மா வந்தபோதுதான் தெரிந்தது.

முனியம்மா மலையின் மறுபக்கத்து ஊர்க்காரி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல புடவை கட்டிக்கொண்டு வகுப்பு நடக்கும்போதே உள்ளே வந்து, நான் துணி வெட்டும் மேஜைமேல் வெற்றிலை பாக்கை வைத்தாள்.

"டீச்சரம்மா, செவந்தி எந்த ஊரு?"

"எந்தச் செவந்தி?"

"இன்னா எந்தச் செவந்தின்றீங்க? நீங்க எழுதறீங்களே, அந்தப் பொண்ணு. எம் மவனுக்குக் கேக்கலாம்னு வந்தேன்."

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் சிரித்துவிட்டேன். "அது கதைங்க. அப்படி ஒரு பொண்ணே கெடையாது."

"ஆமா, கெடையாது. அவங்க வூட்டு ஆட்டுக்கு ஒத்தக் காது கிழிஞ்சிக்கீது. ஊத்தாண்ட பலாமரம் சாஞ்சிக்கீது. அவ சித்தப்பன் பேசறப்ப மூக்கச் சொறியறான். இத்தெல்லாம் பாக்காமயே எழுதிட்டீங்களா?"

"சரி, அந்தப் பொண்ணு எதுக்கு உங்களுக்கு?"

"எம் மவன் வாயில்லாத புள்ளைங்க. புளிய எடுத்துக்கினு கீழ போனா, வாங்கறவன் சொன்ன வெலைக்குக் குடுத்துட்டு வந்துருவான். தனியா எறங்கிப் போய், ராத்திரி தங்கி, பத்திரமா ஏறி வந்தவ வூட்டுக்கு வந்தா நாங்க கரையேறிப்போம்."

இப்படி ஒரு மாமியார் கிடைக்க எந்தப் பெண்ணும் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் நான் இன்னொரு முறை சிரித்ததில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சொல்ல இஷ்டம் இல்லன்னா வுடுங்க. நானே தேடிக்கறேன்" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க வகுப்பில் சிரிப்பாக இருந்தது. எனக்குப் பெருமை வேறு. என் செவந்தியைப் பெண் கேட்டு வந்துவிட்டார்களே!

முனியம்மா சொன்னபடியே தேடினாள். ஊர் ஊராகப் போய், "ஒத்தக் காது ஆடு எந்த வூட்ல கீது? ராத்திரி கீழ தங்கிட்டு வந்த பொண்ணு எது?" என்று விசாரித்தாள். ஊற்றுக்குப் பக்கத்தில் சாய்ந்த பலாமரம் ஒரு மாணவியின் ஊரில் இருந்தது. மூக்கைச் சொறியும் சித்தப்பா படவேட்டில் இருக்கும் என் சொந்தச் சித்தப்பா. ஆனால் ஆடு பூங்காவனம் வீட்டு ஆடு.

முனியம்மாவின் ஊரில் யாரும் பொருட்படுத்தாத ஒரு வழக்கம் பூங்காவனத்தின் ஊரில் அப்போது கெட்டியாக இருந்தது. வயதுக்கு வந்த பெண் ஓர் இரவு கீழே தங்கிவிட்டால், வந்து தானாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊற்றுக்குக் கூட்டிப்போய் பெண்கள் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து சாமைச் சோறு சாப்பிடுவார்கள், அத்தோடு முடிந்தது. ஆனால் மறைத்தால் அது வேறு. அடுத்த சாமை அறுப்பு வரை கொல்லைக்கு அப்பால் தனிக் குடிசையில் இருக்க வேண்டும். எங்கும் போகக் கூடாது. வகுப்பும் இல்லை, வேலூரும் இல்லை.

இரண்டு நாட்களாகப் பூங்காவனம் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பா சின்னசாமி வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"நாளைக்கிக் காலைல ஊர் கூடுதுங்க. எம் பொண்ணுதான் அந்தக் கதைல வர்ற பொண்ணுன்னு பேசிக்கிறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்."

"இன்னான்னு சொல்லணும்ணா?"

"எல்லாம் பொய்யின்னு சொல்லிடுங்க டீச்சரம்மா. அது போதும்."

"பூங்காவனம் இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் பேச மாட்டேங்குது. மெஷின் இல்லாமயே கால ஆட்டிக்கினு உக்காந்துக்கீது."

அன்றைய தபாலில் இதழ் ஆசிரியரிடமிருந்தும் ஒரு கார்டு வந்திருந்தது. வாசகிகள் கடிதமாக எழுதித் தள்ளுகிறார்கள், செவந்தி ஊருக்குத் திரும்பிய பிறகு என்ன ஆனாள், அடுத்த அத்தியாயம் உடனே வேண்டும். என்ன ஆவாள் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் போனேன். பனி அன்று விலகவே இல்லை. பாதையில் எனக்கு முன்னால் நடந்த சின்னசாமி அவ்வப்போது மறைந்து மறைந்து தெரிந்தார். நான் எழுதிக்கொண்டிருக்கும் கதைக்குள்ளேயே நடந்து போகிற மாதிரி இருந்தது எனக்கு. எங்கேயோ ஓர் ஆடு கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது ஒற்றைக் காது ஆடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமை அடிக்கும் களத்தில் கூடியிருந்தார்கள். ஆண்கள் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேலியோரம் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே என் மாணவிகளும் இருந்தார்கள், வேறு ஊர்ப் பெண்கள்கூட வந்திருந்தார்கள். முனியம்மாவும் ஒரு ஓரமாக, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நல்லது நினைத்துத் தேடப் போய் இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. பூங்காவனம் தன் அம்மாவை ஒட்டி நின்றாள். அந்த அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. தலையைக் குனிந்தபடியே வந்து, குனிந்தபடியே போகிறவர்.

அந்த ஊர்த் தலைவரை ஊர்க்கவுண்டர் என்பார்கள். ஒல்லியான மனிதர், என் அப்பா வயது. தேனும் புளியும் எடுத்துக்கொண்டு கீழே போய் வருகிறவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். இதழைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சரம்மா, நீங்க எழுதனது நெசமா, பொய்யா?"

பொய் என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது வேலியோரம் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். செவந்தி அழுதபோது மெஷினை நிறுத்திய பெண்கள். 'பொய்' என்று நான் சொன்னால் அவர்கள் கேட்டது எல்லாமே பொய் ஆகிவிடும். 'கற்பனை' என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் களத்தில் அப்படி ஒரு மூன்றாவது வார்த்தை இல்லை.

"கதைங்க. அங்க இங்க கேட்டத சேத்து எழுதனேன்" என்றேன்.

"ஆடு?"

"பூங்காவனம் வூட்டு ஆடுதாங்க. தைக்கறப்ப பேசிக்கினாங்க."

"ஊத்தாண்ட பலாமரம்?"

"அது வேற ஊருங்க. நெசம்தான்."

"ஆடு நெசம். மரம் நெசம். பொண்ணு மட்டும் பொய்யா?"

பாறைமேல் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இதழைத் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே பேசினார்.

"மொதத் தபா எங்கப்பன் என்னக் கீழ கூட்டிக்கினு போனப்ப நான் சின்னப் புள்ள. ஒடுகத்தூர்ல நின்னுத் திரும்பிப் பாத்தேன். மல நீலமா இருந்திச்சி. நம்ம ஊரு காணாமப் போச்சின்னு அழுதேன். எங்கப்பன் கைய வுட்டுட்டு நின்னு அழுதேன். இத்த நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க அப்படியே எழுதிக்கீறீங்க. மேல பொறந்து மொதல் தடவ கீழ நின்னு பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் பூங்காவனத்தைப் பார்த்தேன். அவள் முகம் கல்லாக இருந்தது. ஆனால் அவள் வலது கால் மட்டும் மண்ணில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. துணி இல்லாமல் மெஷின் மிதித்த அதே கால்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் போயிருக்கிறாள். தோழி வீட்டில் தங்குகிறேன் என்று ஏதோ ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டு, ஒருத்தியாக அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறாள். நான் கற்பனை செய்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்ட பெண் என் எதிரிலேயே உட்கார்ந்து காஜா எடுத்திருக்கிறாள்.

உங்களுக்கெல்லாம் எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கும். நாலு முறை அடித்து எழுதலாம். எனக்கு அன்று அவர் இதழை அடுத்த முறை தொடையில் தட்டுவதற்குள் ஒரு வரி வேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை என்றால் அவர் நம்பப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெண் முடிந்தாள்.

"நான்தாங்க அந்தப் பொண்ணு" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. பதினைந்து வயதில் வீட்டில் சொல்லாமல் படவேட்டிலிருந்து கிளம்பியதாகச் சொன்னேன். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணை ஒட்டி இரவு முழுக்க உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பரோட்டாக் கடையை, ஹாரன் சத்தத்தை, ட்யூப்லைட்டைச் சுற்றிய பூச்சிகளைச் சொன்னேன். வகுப்பில் ஒரு மெஷினையும் நிறுத்தாத அதே வரிகள். 'நான்' என்று சொன்னதும் களம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. உண்மையில் பதினைந்து வயதில் நான் அடுத்த தெருக் கடைக்குக்கூடத் தனியாகப் போனவள் இல்லை. போயிருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷத்தில் எனக்கு ஏக்கமாக இருந்தது. அந்த ஏக்கம்தான் என் குரலில் இருந்ததோ என்னவோ.

ஊர்க்கவுண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சரம்மா, நீங்க கீழ பொறந்தவங்க. கீழயே தங்கனீங்க. அதுல எங்களுக்கு இன்னா கீது?"

நியாயமான கேள்வி. என் கதையில் இருந்த ஓட்டை அது. ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் எனக்கு வெளிச்சம் தெரிந்தது.

"வூட்டுக்குத் தெரியாமப் போனேங்க. இத்தன வருசமா மறச்சி வெச்சிருந்தேன். எங்கூர்ல ஒரு பொண்ணு இப்படிப் போயிட்டு வந்தா, திரும்பி உள்ள வர்றதுக்கு வழியே கெடையாது. சொன்னாலும் கெடையாது, மறச்சாலும் கெடையாது. உங்கூர்ல அதுக்கு ஒரு வழி வெச்சிக்கீறீங்க. நீங்க குடிக்கிற தண்ணியத்தான் நானும் குடிச்சிக்கினு கீறேன். எனக்கும் அந்தத் தண்ணிய ஊத்துங்க."

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப் போய்த் திரும்ப முடியாமல் போன பெண்களின் முகங்கள் சில எனக்குத் தெரியும்.

அவர் பூங்காவனம் நின்ற பக்கம் ஒரு முறை பார்த்தார். பார்த்தாரா, அல்லது பனி விலகுகிறதா என்று பார்த்தாரா, நான் சாட்சி சொல்ல மாட்டேன். பிறகு இதழை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கேட்டுட்டாங்க. ஊத்துங்க. பொண்ணு கெடச்சிட்ச்சி. இனிமே இந்தப் பேச்ச எவனும் எடுக்கக் கூடாது." எழுந்தவர் முனியம்மாவைப் பார்த்து, "இன்னா முனிம்மா, பொண்ணு தேடிக்கினு வந்தியே. இதோ நிக்கிது. உம் மவனுக்கு வேணுமா?" என்றார்.

"அய்ய, கல்யாணம் ஆன பொண்ணு எனக்கு எதுக்கு?" என்றாள் முனியம்மா. களமே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன்.

அவர் என்னை நம்பினாரா என்று நீங்கள் எல்லாரும் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஒரு கதை கேட்கிறவரிடம் போய், "நம்பினீர்களா?" என்று கேட்பது அநாகரிகம்.

அன்று மாலையே அடுத்த அத்தியாயத்தை எழுதினேன். செவந்தி ஊருக்குத் திரும்புகிறாள், ஊற்றில் அவள் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஊர் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. இந்தச் சடங்கு நிஜமா, நீங்கள் கட்டியதா என்று ஆசிரியர் கேட்டு எழுதினார். என் தலை இன்னும் காயவில்லை என்று பதில் போட்டேன். ஒரு வார்த்தையும் வெட்டாமல் போட்டார்.

பூங்காவனம் தேர்வு எழுதினாள். நாங்கள் எல்லாரும் ஒடுகத்தூரில் இறங்கி வேலூர் பஸ்ஸுக்கு நின்றபோது மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்து, "ஐயோ, நெசமாவே நீலம்!" என்று கத்தினார்கள். இவள் மட்டும் திரும்பவில்லை. எந்த பஸ் வேலூர் போகும் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காத நேரம் பார்த்துச் சொன்னாள்.

"பொழுது போனா மேல இருந்து அந்த லைட்டெல்லாம் தெரியும் டீச்சர். கிட்டப் போனா எப்படி இருக்கும்னு பாக்கப் போனேன்."

"எப்படி இருந்திச்சி?"

"வெறும் லைட்டுதான் டீச்சர். காலைலதான் திரும்பிப் பாத்தேன்."

தேறினாள். நான் மாற்றலாகிப் போகும்வரை எனக்கு உதவியாளராக இருந்தாள், பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அந்த வழக்கம் அப்புறம் தானாகவே தேய்ந்து மறைந்துவிட்டது. இப்போது அவளே இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள் என்பதால்தான் நானும் உங்களிடம் சொல்கிறேன்.

வளரும் பெண்ணைப் பற்றி எழுதும்போது அவளை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது சுலபம். நாம் எல்லாரும் அனுப்பிவிடுவோம். தைரியமான எழுத்து என்று பாராட்டும் கிடைக்கும். ஆனால் படிக்கிறவர்களில் ஒருத்தி ஏற்கெனவே போய்விட்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் உங்கள் எதிரிலேயே இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அவளுக்காக, திரும்பி வர ஓர் இடத்தைக் கதைக்குள் விட்டு வையுங்கள். பிறகு யாராவது வந்து இது யாருடைய கதை என்று கேட்டால், என்னுடையது என்று சொல்லும் தெம்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றில் நடந்ததைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

களத்திலிருந்து பெண்கள் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பனிக்குள் தண்ணீர் விழும் சத்தம்தான் முதலில் கேட்டது. என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி மஞ்சள் தேய்த்தாள், ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். தண்ணீர் ஊற்றுவதற்குப் பூங்காவனத்தின் கையில் சொம்பைக் கொடுத்தார்கள். முதல் சொம்பு விழுந்தபோது குளிரில் எனக்கு உயிரே போய் வந்தது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசிச் சொம்பைத் தூக்கியவள் அதை என் தலைக்குக் கொண்டுவராமல் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"கை வழுக்கிட்ச்சி" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தில் வழிந்தது எல்லாம் தண்ணீர்தான் என்று சொல்ல முடியாது.

பிறகு அவள் அம்மா முன்னால் வந்தார். மகளின் கையிலிருந்து சொம்பை வாங்கினார். குனிந்து நிதானமாக நிரப்பினார். அவர் கை வழுக்கவில்லை. நிமிர்ந்து, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் தலையில் மெதுவாக ஊற்றிக்கொண்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சொம்பைக் கல்மேல் வைத்துவிட்டுக் கூந்தலைப் பிழிந்தார். அப்போதுதான் அவர் குரலை நான் முதல் முறையாகக் கேட்டேன்.

"சோறு ஆறுது, வாங்க" என்றார்.